தணிகை மலையடிவாரத்தில் திருச்சபை: சமய நல்லிணக்கமும் நமது ஊழியமும்

முன்னுரை

சமய நல்லிணக்கம் என்னும் சொல் இன்று மேடைகளில் மிகுதியாக ஒலிக்கின்றது. பொங்கல் விழாவிலும் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் பல சமயத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்து பொன்னாடை பெறுகின்றனர். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்று ஒவ்வொருவரும் கூறி விடைபெறுகின்றனர். இது தீதன்று. ஆயினும் மறுநாட் காலையில் சபையார் சிலர் கிராமத்துப் போதகரிடம் வந்து, "ஐயா, ஊர்த் திருவிழாவுக்கு வரி கேட்கிறார்கள், கொடுக்கலாமா, கூடாதா?" என்று வினவும்போது, அந்த மேடைப்பேச்சு அவருக்கு விடை தருவதில்லை. நல்லிணக்கத்தைப் பற்றிய நம் இறையியல், அவ்வினாவுக்கு விடை கூறும் அளவிற்குத் தரையில் கால் ஊன்றியதாய் இருத்தல் வேண்டும்.

ஆகவே இக்கட்டுரையில் பொதுக் கொள்கைகளை மட்டும் கூறாமல், ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தைக் கண்முன் நிறுத்தி ஆராய்வோம். அது திருத்தணியும், கே.ஜி.கண்டிகை முதலாக அதனைச் சூழ்ந்துள்ள ஊர்களும் அடங்கிய ஆந்திர எல்லைப் பகுதியாகும். நாம் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. நல்லிணக்கம் என்பது வேற்றுமைகளைப் பேசாமல் மூடிவைப்பதன்று. அயலாரின் விசுவாசத்தைப் பற்றி உண்மை பேசுதல், அவர் நம்மைப் பற்றிக் கூறுவதைச் செவிமடுத்தல், பொதுவான துயரில் அவரோடு தோள்கொடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நல்லிணக்கம்.

1. எல்லைப் பகுதியின் இயல்பு

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படுவது. சூரனோடும், பின்னர் வள்ளியின் பொருட்டு வேடரோடும் செய்த போரில் எழுந்த சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலின் இது தணிகை எனப் பெயர் பெற்றது என்பது தலபுராணம் கூறும் செய்தி. ஆடிக் கிருத்திகையில் காவடி எடுத்து மலையேறுவோருள் தமிழ் பேசுவோரும் உளர். தெலுங்கு பேசுவோரும் உளர்.

இவ்விரு மொழிகளும் இங்கே அண்மையில் வந்து சேர்ந்தவையல்ல. 1911ஆம் ஆண்டு வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருத்தணி அதனுள் அடங்கிற்று. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அம்மாநிலத்தின் பகுதியாயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். பட்டாஸ்கர் வகுத்த தீர்வின் அடிப்படையில் 1959இல் சட்டம் இயற்றப்பெற்று, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குள் எல்லைகள் மும்முறை மாறின. ஆனால் மக்கள் மாறவில்லை. ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கிலும் மருமகள் தமிழிலும் பேசும் குடும்பங்கள் எல்லைப்புறத்திற்குப் புதியனவல்ல.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அரசாங்கம் வரைபடத்தில் கோடு வரைந்து ஊர்களைப் பிரிக்கலாம். அண்டை வீட்டாராய் வாழும் உறவை அக்கோடு ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. சமயம் என்னும் கோட்டிற்கும் இது பொருந்தும். எல்லையை மறுக்க வேண்டுவதில்லை. எல்லைக்கு இருமருங்கிலும் இருப்போர் அயலார் என்பதை மறவாதிருத்தலே வேண்டுவது.

பல மரபுகள் கலந்து பயன் விளைத்த வரலாறும் இத்தலத்திற்கு உண்டு. திருவாரூரில் 1775இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைத் திருத்தணியில் இயற்றினார் என்பது இசையுலகின் மரபு. வடமொழியில் பாடிய அவர், ஐரோப்பிய மெட்டுகளுக்கும் சாகித்தியம் அமைத்தார். இளமையில் கண்ணாடியின் முன் தணிகை முருகனைக் கண்டதாகக் கூறப்பெறும் இராமலிங்க அடிகளார், 1867இல் வடலூரில் சாதி சமய வேறுபாடின்றிப் பசித்தோர் அனைவருக்கும் உணவளிக்கும் தருமசாலையைத் தொடங்கினார். ஒரு தலத்தின்மீது கொண்ட பக்தி ஒருவரைக் குறுகியவராக்க வேண்டுவதில்லை என்பதற்கு இவர்கள் சான்று.

2. திருத்தணி மாணவரும் கிறிஸ்தவக் கல்லூரியும்

இப்பகுதியின் வரலாற்றில் திருச்சபை ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பம் ஒன்றில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். அவருடைய கல்வியின் பெரும்பகுதி கிறிஸ்தவ நிறுவனங்களில் நடைபெற்றது. திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீசுக் கல்லூரி, இறுதியாகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என அவர் படித்த இடங்களை வரிசைப்படுத்தினால், தென்னிந்தியாவில் மிஷனரிமார் நடத்திய கல்விப்பணியின் வரைபடம் ஒன்று நமக்குக் கிடைக்கும்.

இப்பள்ளிகள் அவருக்கு இரண்டைத் தந்தன. ஒன்று சிறந்த கல்வி. மற்றொன்று மனப்புண். மிஷன் நிறுவனங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதம் தம் உள்ளத்தைப் புண்படுத்திற்று என்றும், கிறிஸ்தவ விமரிசகர்களின் அறைகூவலே தம் முன்னோரின் சமயத்தில் உயிருள்ளது எது, மாண்டது எது என ஆராயத் தம்மைத் தூண்டிற்று என்றும் அவர் பின்னாளில் எழுதினார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்பது அந்நாளைய கிறிஸ்தவ விமரிசனங்களுள் முதன்மையானது. அதற்கு மறுமொழியாகவே 1908இல் வேதாந்தத்தின் அறநெறியும் அதன் தத்துவ அடிப்படைகளும் என்னும் பொருள்பற்றித் தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது.

அவ்வேட்டை மதிப்பிட வேண்டியவர் ஸ்காத்லாந்து மிஷனரியாகிய பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். அவர் மனம் வருந்துவாரோ என மாணவர் அஞ்சினார் என்பர். ஆனால் ஹாக் அதனைச் சிறந்த ஆய்வெனப் பாராட்டினார். மாணவரின் முடிவுகளை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார் என்பது இதன் பொருளன்று. தம்மை எதிர்த்து எழுதப்பட்ட நூலை, எதிர்த்தது என்பதற்காகத் தாழ்த்தாமல், நேர்மையானது என்பதற்காக உயர்த்தினார். சமய உரையாடல் என்னும் சொல் வழக்கிற்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, ஒரு வகுப்பறையில் அது நடைபெற்றுவிட்டது.

இதனைப் படிக்கும் நாம் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். நம் சொல்லைக் கேட்டு அயலார் புண்பட்டபோது, புண்படுத்தியது சிலுவையின் இடறலா, அன்றி நம் அறியாமையின் ஆணவமா? நம் பள்ளியில் பயிலும் இந்து மாணவனோ இஸ்லாமிய மாணவியோ நம்மை மறுத்து ஒரு கட்டுரை எழுதினால், அதனை ஹாக் படித்ததுபோல் படிக்க நம்மால் இயலுமா?

3. மகுடமும் ஏணியும்

1903இல் இந்தியா வந்த ஹாக், 1928 முதல் 1938 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராய் விளங்கினார். அவருடைய "கர்மமும் மீட்பும்" என்னும் நூல் 1909இல் வெளிவந்தது. கர்மக் கொள்கையை எள்ளி ஒதுக்காமல், அது விடைகூற முயலும் வினாவின் ஆழத்தை உணர்ந்து, அதன்பின் கிறிஸ்தவம் எங்கே வேறுபடுகிறது எனத் தெளிவாகக் காட்டுவது அவர் முறை. அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது ஃபார்குவார் 1913இல் வெளியிட்ட நூலின் கருத்து. கிறிஸ்து இந்து சமயத்தின் மகுடம். இந்து சமயம் தேடியதைக் கிறிஸ்தவம் நிறைவேற்றுகிறது என்றார் ஃபார்குவார். இது கனிவான கொள்கையே. ஆயினும் ஹாக் இதனோடு உடன்படவில்லை. இந்துக்கள் அனைவரும் தேடி அலைபவர்கள், எதையும் கண்டடையாதவர்கள் என்று கருதுவது உண்மைக்கு மாறானது. கிறிஸ்து பழைய ஏக்கங்களை நிறைவேற்றுவதோடு நில்லாமல் புதிய ஏக்கங்களையும் எழுப்புகிறார் என்பது அவர் வாதம்.

1938 டிசம்பரில் தாம்பரத்தில் அனைத்துலக மிஷனரி மாநாடு கூடிற்று. அதற்கென ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கடவுளின் வெளிப்பாட்டிற்கும் மனிதரின் சமயங்களுக்கும் இடையே உள்ள முறிவை வற்புறுத்திற்று. ஹாக் அதற்கு அளித்த மறுமொழியில் முக்கியமான ஒரு வேறுபாட்டைக் காட்டினார். சமயம் என்னும் அமைப்பு வேறு. அதனுள் வாழும் மனிதனின் உயிருள்ள விசுவாசம் வேறு. கொள்கைத் தொகுப்பை நாம் மறுக்கலாம். ஆனால் கிறிஸ்துவை அறியாத ஒருவரிடம் கடவுளோடு மெய்யான உறவைக் காணும்போது, அதனை இல்லையென்று சொல்ல நமக்கு உரிமையில்லை என்பதே அவர் கூறியதன் சாரம்.

மறுபுறத்தையும் நாம் நேர்மையாக நோக்க வேண்டும். இராதாகிருஷ்ணன் 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் "இந்து வாழ்க்கை நோக்கு" என்னும் நூலாயின. அதில் அவர் எல்லாச் சமயங்களுக்கும் இடமளிக்கிறார். ஆனால் அவ்விடங்கள் ஓர் ஏணியின் படிகளாய் உள்ளன. பரம்பொருளை வழிபடுவோர் மேற்படியிலும், ஆள்தன்மையுள்ள கடவுளை வழிபடுவோர் அடுத்த படியிலும், அவதாரங்களை வழிபடுவோர் அதற்கும் கீழேயும் நிற்கின்றனர். கிறிஸ்துவின் மனுவுருவேற்றத்தை விசுவாசிக்கும் நமக்கு அந்த ஏணியில் எப்படி கிடைக்கும் என்பது வெளிப்படை.

ஆக, ஃபார்குவாரின் மகுடமும் இராதாகிருஷ்ணனின் ஏணியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் அயலாரை அன்போடு அழைத்து, தம்மினும் தாழ்ந்த இருக்கையில் அமர்த்துகின்றன. ஹாக் காட்டிய வழி இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அதில் வேற்றுமை மறைக்கப்படுவதில்லை. அயலாரின் மாண்பு குறைக்கப்படுவதுமில்லை.

இராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்குரிய பேராசிரியராகவும், 1962 முதல் 1967 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். 1975இல் சமயத் துறைப் பணிக்கான டெம்பிள்டன் பரிசு, கிறிஸ்தவரல்லாத ஒருவருக்கு முதன்முறையாக அவருக்கே வழங்கப்பட்டது.

4. உரையாடலின் திருமறை அடிப்படை

விடுதலைக்குப் பின்னர் இச்சிந்தனையை முன்னெடுத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர் சென்னையில் பிறந்த பால் தேவானந்தன். பெங்களூரில் சமயத்தையும் சமுதாயத்தையும் ஆராயும் கிறிஸ்தவ நிறுவனத்தின் முதல் இயக்குநராய் இருந்து, 1962இல் மறைந்தார். சமயங்களைக் கொள்கைகளாக மட்டும் ஒப்பிடாமல், புதிய இந்தியாவைக் கட்டும் பணியில் பல சமயத்தாரும் உடனுழைப்பாளராகச் சந்திக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியது. உலகத் திருச்சபைகளின் மன்றம் 1971இல் சமய உரையாடலுக்கெனத் தனிப்பிரிவை ஏற்படுத்தியபோது, அதன் முதல் இயக்குநராய்ப் பொறுப்பேற்றவரும் ஓர் இந்தியரே; அவர் ஸ்டான்லி சமர்த்தா. 1977இல் சியாங் மாய் நகரில் கூடிய ஆய்வரங்கும், 1979இல் வெளியான வழிகாட்டிக் குறிப்புகளும், உரையாடல் சமுதாய வாழ்வில் வேர்கொள்ள வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தின.

இதற்குத் திருமறை ஆதாரம் உண்டா என வினவுவோர் நம்மிடையே உளர். மூன்று பகுதிகளைச் சுட்டுவோம்.

முதலாவது, பத்துக் கட்டளைகளுள் பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறுதலை விலக்கும் கட்டளை. இதனை நாம் நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதாகக் கொள்கிறோம். அயலாரின் சமயத்தை அதன் சிறந்த வடிவில் அறியாமல், அதன் சீர்கேடுகளை மட்டும் எடுத்துப் பிரசங்க பீடத்திலிருந்து பழித்துரைப்பதும் பொய்ச்சாட்சியே.

இரண்டாவது, அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரம். கொர்நேலியுவின் மனமாற்றமாகவே நாம் இதனைப் பிரசங்கிக்கிறோம். ஆனால் அவ்வதிகாரத்தில் முதலில் மனம் மாறுபவன் பேதுருவே. அந்நியன் வீட்டு வாசலைக் கடந்த பின்னரே, கடவுள் பட்சபாதமுள்ளவரல்லர் என்பதை அவன் மெய்யாகவே உணர்கிறான். சாட்சி கூறச் சென்றவன் கற்றுக்கொண்டு திரும்புகிறான்.

மூன்றாவது, லூக்கா பத்தாம் அதிகாரம். பிறன் யார் என்று வினவிய நியாயசாஸ்திரிக்கு, வேற்றுச் சமயத்தானாகக் கருதப்பட்ட சமாரியனையே இயேசு பெருமான் முன்மாதிரியாகக் காட்டினார். நாம் பிறருக்கு உதவ வேண்டும் என்பதோடு இவ்வுவமை நின்றுவிடவில்லை. பிற சமயத்தானின் கையால் உதவி பெறவும், அவனிடமிருந்து அன்பைக் கற்கவும் நாம் ஆயத்தமா எனவும் வினவுகிறது.

5. மண்டைக்காடு தந்த எச்சரிக்கை

இவையெல்லாம் இல்லாதொழியும்போது நேர்வது யாது என்பதைத் தமிழகம் 1982ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கண்டது. குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில், பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடை விழாக் காலத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதல் கடலோர ஊர்களுக்குப் பரவிற்று. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஒலிபெருக்கி, விழாப் பாதை, கடற்கரையில் யார் எங்கே செல்லலாம் என்பன போன்ற சிறு பூசல்கள் நெடுங்காலம் தீர்க்கப்படாமல் கிடந்தால், ஒரு நாளில் அவை பெருந்தீயாகும் என்பதே அதன் பாடம். அவ்வேளையில் குன்றக்குடி அடிகளார் அங்குச் சென்று அமைதிக்கு உழைத்தார். சமய நல்லிணக்கத்திற்கெனத் திருவருட் பேரவை என்னும் அமைப்பையும் வளர்த்தார். ஒரு சைவ மடத்தின் தலைவர் செய்ததை, நம் திருச்சபைத் தலைவர்கள் தத்தம் வட்டாரங்களில் செய்ய இயலாதா?

6. சேரியை விலக்கிய நல்லிணக்கம் உண்டா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நல்லிணக்கம் பற்றிய பேச்சு, கற்றவர் கற்றவரோடு பேசுவதாகவே முடிந்துவிடும் இடர் உண்டு. தமிழகத்துக் கிராமங்கள் பலவற்றில் திருச்சபை என்பது பெரும்பாலும் சேரி மக்களின் சபையே. ஊருக்கும் சேரிக்கும் இடையேயுள்ள பிளவு, இந்து கிறிஸ்தவப் பிளவைப் போல் தோன்றினாலும், அதன் வேர் சாதியே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதித் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களான தலித் மக்களோ இன்றும் அதற்கு வெளியே நிற்கின்றனர். ஆகவே ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமக்கும் உடன்பிறந்தார் இருவருள் ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை.

இந்நிலையில், "அமைதியாய் இருங்கள், நல்லிணக்கத்தைக் கெடுக்காதீர்கள்" என்று ஒடுக்கப்பட்டோரிடம் கூறுவது சுவிசேஷமாகாது. சமாதானம் இல்லாதிருக்கச் சமாதானம் என்று கூறியவர்களை எரேமியா கடிந்துகொண்டான். நீதியைக் கேட்பதனால் ஒரு நல்லிணக்கம் குலையுமானால், அது நல்லிணக்கமாய் இருந்ததே இல்லை. சேரியிலுள்ள இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இடுகாட்டுப் பாதைக்காகவும் குடிநீருக்காகவும் ஒன்றாய் நிற்பதே உண்மையான சமய ஒத்துழைப்பின் தொடக்கம். நம் சபைக்குள் சாதி வாழும்வரை, பிறருக்கு இதனைப் போதிக்க நமக்குத் தகுதியில்லை என்பதையும் மறத்தலாகாது.

7. சபையில் செய்யத்தக்கவை

முதலாவதாக, டிசம்பர் 31ஆம் நாள் இரவை எண்ணிப் பார்ப்போம். அன்று திருத்தணியில் படித்திருவிழா. ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகக் கூறப்பெறும் 365 படிகளிலும் பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டு மக்கள் மலையேறுகின்றனர். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார அதிகாரிகளை வாழ்த்தச் செல்லும் வழக்கத்தை மாற்றி, மக்களை ஆண்டவனிடம் அழைத்துச் செல்லவே வள்ளிமலைச் சுவாமிகள் இதனைத் தொடங்கினார் என்பர். அதே இரவில் நம் ஆலயங்களில் விழிப்பு ஆராதனை நடைபெறுகின்றது. இரு கூட்டத்தாரும் பழைய ஆண்டைக் கடவுள்முன் வைத்து, புதிய ஆண்டிற்கு அருள் வேண்டுகின்றனர். அவ்விரவில் திருத்தணி வட்டாரத்துச் சபையொன்று தன் ஒலிபெருக்கியை ஆலயத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, வாசலில் வழிச்செல்வோருக்குத் தண்ணீர் வைத்தால், அது ஆயிரம் துண்டுப் பிரசுரங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

இரண்டாவதாக, தொடக்கத்தில் எழுப்பிய வரி பற்றிய வினா. இதற்குப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்கள் வழிகாட்டும். விக்கிரகத்துக்குப் படைத்தது பற்றிய சிக்கலைப் பவுல் ஒரே சொல்லில் தீர்க்கவில்லை. மனச்சாட்சியையும், எளிய சகோதரனின் நலத்தையும், அன்பையும் சேர்த்தே எடைபோட்டார். பூசைச் செலவுக்கெனக் கேட்கப்படும் பணத்தைப் பணிவோடு மறுக்க நமக்கு உரிமை உண்டு. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சியின் சுதந்தரத்தை அனைவருக்கும் உறுதி செய்கின்றது. ஆயின் அதே ஊரின் குளத்தைத் தூர் வாரவும், தெருவிளக்கிடவும், அன்னதானத்திற்கு அரிசி கொடுக்கவும் நாம் முந்திக்கொள்ள வேண்டும். வரி மறுத்தவர்கள் ஊரை மறுத்தவர்கள் அல்லர் என்பது கண்கூடாகத் தெரிதல் வேண்டும். இதனைத் திருவிழா நெருங்கியபின் பேசாமல், மாதங்களுக்கு முன்னரே ஊர்ப் பெரியோருடன் அமர்ந்து பேசி முடிவு செய்தல் போதகரின் கடமை.

மூன்றாவதாக, மொழி. எல்லைப்புறத்துச் சபைகளில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்குத் தம் மொழியில் ஒரு கீர்த்தனையோ திருமறை வாசிப்போ இடம்பெறச் செய்யலாம். சபைக்குள் வேற்று மொழியினரை வரவேற்கக் கல்லாதவர், சபைக்கு வெளியே வேற்றுச் சமயத்தாரை வரவேற்பது அரிது.

நான்காவதாக, படிப்பு. இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் தாம் ஊழியஞ் செய்யப்போகும் பகுதியின் தலபுராணத்தையும், அங்குள்ள தர்காவின் வரலாற்றையும், அங்கு வழங்கும் பக்திப் பாடல்களையும் ஒரு முறையேனும் கற்றல் வேண்டும். குற்றங்காணக் கற்பதன்று; அயலார் எதனால் வாழ்கிறார்கள் என அறியக் கற்பது.

முடிவுரை

கிறிஸ்துவுக்குச் சாட்சி பகர்தலை நாம் கைவிட வேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. சாட்சி என்பவன் தான் கண்டதைக் கூறுபவன். பிறர் கண்டதைப் பொய்யாக்குபவன் அல்லன். நம்மை மறுத்து எழுதிய மாணவனையும் உயர்த்திப் பேசும் நேர்மை ஹாக்கிடம் இருந்தது. அந்நேர்மை கிறிஸ்துவினிடத்தில் அவர் கொண்ட விசுவாசத்தைக் குறைக்கவில்லை; அதிலிருந்தே பிறந்தது. திருத்தணியிலும் கே.ஜி.கண்டிகையிலும், அவை போன்ற நூற்றுக்கணக்கான ஊர்களிலும் நம் அயலார் நம்மிடம் எதிர்பார்ப்பது, அவர்கள் சமயமே நம் சமயம் என்று நாம் கூறுவதையன்று. நாம் கூறும் அன்பு மெய்யானதா எனவே அவர்கள் பார்த்திருக்கின்றனர். சினம் தணிந்த இடமெனத் தம் ஊருக்குப் பெயரிட்டு வாழும் மக்களிடையே, பகையைச் சிலுவையில் கொன்ற ஆண்டவரின் ஊழியர்களாய் நாம் அனுப்பப்பட்டிருக்கிறோம். அவ்வழைப்புக்கு ஏற்ப நடக்க ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.